ஏறும் செலவு யாருடையது?

சீனாவின் சோங்சிங் நகரில், யாங்சி ஆற்றங்கரைச் சரிவில் பைசியாங்ஜூ என்றொரு குடியிருப்பு இருக்கிறது. 24 மாடி, லிஃப்ட் இல்லாமலே கட்டியது. ஆனாலும் அங்கே யாரும் 24 மாடி ஏறுவதில்லை. ஆற்றோரத் தெருவிலிருந்து நுழைந்தால் முதல் தளம். இடைத் தெருவிலிருந்து நுழைந்தால் 10ஆம் தளம். மேல் தெருவிலிருந்து நுழைந்தால் 15ஆம் தளம். மூன்று வாசலுக்கும் தெருமட்டத்திலேயே உள்ளே போகலாம். 14ஆம் மாடியில் இருப்பவர் மேல் தெருவுக்குப் போக ஒரு மாடி ஏறினால் போதும். இந்தக் கட்டடத்தில் தரைத்தளம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

சமவெளியில் வளர்ந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். மலைநகரங்களில் இது அன்றாட வாழ்க்கை. நிலம் சரிந்திருந்தால் தெரு எப்படிப் போகும், வீடு எப்படி நிற்கும், தண்ணீர் எங்கே சேரும், யார் மேலே குடியேறுவார்கள், யார் கீழே தங்குவார்கள் என எல்லாக் கேள்விகளும் மாறிவிடுகின்றன. நகர வரலாற்று நூல்கள் பலவும் இதை இயற்கையின் கட்டளையாக எழுதிவிட்டுக் கடந்துபோகின்றன: மலை இப்படி இருந்தது, ஆகவே நகரம் இப்படி ஆனது. பல நாட்டு மலைநகரங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்காது. ஒரே மாதிரிச் சரிவில் நேரெதிரான நகரங்கள் முளைத்திருக்கின்றன. சரிவு ஒரு செலவை உண்டாக்குகிறது: ஏறுவதற்கான செலவு, மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்கான செலவு. அதை யார் தலையில் கட்டுவது என்பதை அந்தந்த ஊர் முடிவு செய்கிறது. நகரத்தின் வடிவம் அந்த முடிவிலிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஒரு சரிவில் 100 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டின் மலைச்சாலைகளுக்குப் பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் ஏற்றம் 5 முதல் 6 சதவீதம். 6 சதவீதத்தில் ஏறினால் அந்த 100 மீட்டருக்குச் சாலை ஏறக்குறைய 1,700 மீட்டர் நீள வேண்டும். கொண்டை ஊசி வளைவுகள் அதனால்தான் வருகின்றன. படிக்கட்டோ அதே உயரத்தை 200 மீட்டர் கிடைத் தூரத்தில் ஏறி முடித்துவிடும். ஒரே மலைமேல் இரண்டு நகரங்கள் இப்படித்தான் உருவாகின்றன: சக்கரம் போகும் நகரம், கால் மட்டும் போகும் நகரம். சாலை வளைந்து வளைந்து போகும் இடத்தில் மனை விலை ஏறுகிறது. இரண்டு வளைவுகளுக்கு நடுவில் படியை நம்பியிருக்கும் இடத்தில் விலை இறங்குகிறது. எரிவாயு சிலிண்டர், அரிசி மூட்டை, பிரசவ வலி கண்ட பெண், இறந்தவர் உடல் எல்லாமே அந்தக் கடைசி 200 மீட்டரை மனிதத் தோளில்தான் கடந்தாக வேண்டும். சோங்சிங்கில் மூங்கில் கழியோடு தெருமுனையில் காத்திருந்த சுமைதூக்கிகள் ஒரு தனித் தொழிலாளர் வர்க்கமாகவே இருந்தார்கள். அவர்கள் தோள்தான் நெடுங்காலம் அந்த நகரத்தின் லிஃப்ட்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 700க்கும் மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகள் உள்ளன. அவற்றில் பல, சட்டப்படி தெருக்கள். பெயர்ப்பலகை உண்டு, வரைபடத்தில் மற்றத் தெருக்களைப் போலவே கோடு உண்டு, போய்ப் பார்த்தால் படிகள்தான். எஃகு ஆலைத் தொழிலாளர்கள் மேட்டிலிருந்த வீட்டுக்கும் ஆற்றோரத்து ஆலைக்கும் அவற்றில்தான் ஏறி இறங்கினார்கள். படியைத் தெருவாக ஒப்புக்கொண்டதில் ஒரு நேர்மை இருக்கிறது. தெரு என்று எழுதிவிட்டால் அதைப் பராமரிக்கும் கடமை நகராட்சிக்கு வந்துவிடுகிறது.

கால் நகரம் கவனிக்கப்படாமல் விடப்பட்டால் என்ன ஆகும் என்பதைச் சிலியின் வல்பரைசோ காட்டியது. துறைமுகத்திலிருந்து செங்குத்தாக எழும் குன்றுகளில் ஏற அங்கே 1883 முதல் இழுவை ரயில்கள் உண்டு. பழனியில் நாம் வின்ச் என்று சொல்கிறோமே, அதே வகை. ஆனால் அவை கீழ்க்குன்றுகளோடு நின்றுவிட்டன. அவற்றுக்கும் மேலே, ஓடைப் பள்ளங்களின் ஓரமாக ஏழைகள் தாங்களே கட்டிக்கொண்ட குடியிருப்புகளில் 2014 ஏப்ரலில் தீப் பிடித்தது. குறுகிய பாதைகளில் தீயணைப்பு வண்டிகள் ஏறத் திணறின, மேட்டில் தண்ணீரும் போதவில்லை. 15 பேர் இறந்தார்கள். 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன.

வீட்டுக் கணக்கும் இப்படித்தான். 12 மீட்டர் ஆழமுள்ள ஒரு மனை, 30 சதவீதச் சரிவில் இருந்தால் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உயர வித்தியாசம் 3.6 மீட்டர். ஒரு மாடியைவிடக் கூடுதல். ஒன்று, மலையை வெட்டித் தளம் எடுக்க வேண்டும். அல்லது பள்ளத்தை மண்ணிட்டு நிரப்ப வேண்டும். அல்லது தூண் நட்டு வீட்டைத் தூக்கி நிறுத்த வேண்டும். பெரும்பாலும் பாதி வெட்டிப் பாதி நிரப்புவார்கள். மலைக்குள்ளே ஆழமாகப் போகப் போகச் செலவு ஏறும், சமஉயரத்தில் பக்கவாட்டில் நீள்வது மலிவு. மலைநகரக் கட்டடங்கள் ஒல்லியாக, சரிவுக்குக் குறுக்கே நீண்டு கிடப்பதற்குக் காரணம் இதுதான். மிசோரத்தின் அய்ஸால் நகரில் சாலையின் பள்ளப் பக்கத்து வீட்டைச் சாலையில் நின்று பார்த்தால் ஒன்றிரண்டு தளம்தான் தெரியும். கீழே இறங்கிப் பார்த்தால் ஐந்தாறு தளம் தூண்களில் நிற்கும். நீலகிரியில் கட்டடங்களுக்கு 7 மீட்டர் உயர வரம்பு வைத்திருக்கிறார்கள். நல்ல விதிதான். ஆனால் சரிவில் உயரத்தை எந்தத் தரையிலிருந்து அளப்பது என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லாவிட்டால் எந்த உயர வரம்பும் நிற்காது.

தெருக்களைப் போடுவதில் பழங்காலம் முதலே இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன. ஒன்று, மலை என்ன சொன்னாலும் நேர்கோடு போடுவது. இன்னொன்று, சமஉயரக் கோடுகளை ஒட்டி வளைந்து போவது. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுந்த பிரியீன் என்ற கிரேக்க நகரம் முதல் வழியைப் புத்தியோடு கையாண்டது. மிக்காலே மலையின் தென்சரிவில் சதுரங்கக் கட்டம்போல் தெருக்கள். கிழக்கு மேற்காகப் போகும் பெரிய தெருக்கள் ஏறக்குறைய சமமட்டம், வண்டி போகும். தெற்கு வடக்காக ஏறும் குறுக்குத் தெருக்கள் பல இடங்களில் படிக்கட்டுகள். கட்டத்தையும் விடவில்லை, மலையையும் மறுக்கவில்லை. அதே பகுதியிலிருந்த பெர்கமோன் வேறு வழியில் போனது. மலை உச்சியில் அடுக்கடுக்காகத் தளங்களை வெட்டி, அவற்றை நீண்ட தூண் மண்டபங்களால் தாங்கி நிறுத்தி, விசிறிபோல் நகரத்தை விரித்தார்கள். உச்சிக்குத் தண்ணீர் கொண்டுவர 40 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டார்கள். அந்தக் குழாய் இடையிலுள்ள பள்ளத்தாக்கில் இறங்கி, அழுத்தத்தால் மீண்டும் ஏறியது. அரண்மனை உச்சியில் இருந்ததால் அந்தச் செலவு அரசனுக்குச் செலவாகவே தெரியவில்லை.

சான் பிரான்சிஸ்கோ நேர்கோட்டை முரட்டுத்தனமாக இழுத்த நகரம். 1847இல் ஜாஸ்பர் ஓ'ஃபாரல் என்ற நில அளவையாளர் கட்டங்களை விரிவாக்கினார். அடுத்த ஆண்டே தங்கம் கிடைத்துக் கூட்டம் வந்து குவிந்தது. கட்டம் போட்டால் மனையைக் காகிதத்திலேயே விற்றுவிடலாம், வாங்குபவன் குன்றைப் பார்க்க வேண்டியதில்லை. விளைவு, ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதி 31.5 சதவீதச் சரிவில் நேராக ஏறுகிறது. லொம்பார்ட் தெருவின் ஒரு பகுதி 27 சதவீதமாக இருந்தது. கார்கள் ஏற முடியாததால் 1922இல் அந்த ஒரு துண்டை மட்டும் எட்டு வளைவுகளாக மடித்துச் சரிவைக் குறைத்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்த வளைவுகள், 75 ஆண்டுகளுக்கு முன் போட்ட நேர்கோட்டுக்குச் செய்த திருத்தம்.

அங்கே ஒரு மாற்று வாய்ப்பும் வந்தது. 1905இல் டேனியல் பர்னம் என்ற கட்டடக் கலைஞர், குன்றுகளைச் சுற்றி வளைந்து ஏறும் சாலைகளோடு நகரத்துக்கு ஒரு திட்டம் தீட்டிக் கொடுத்தார். மறுஆண்டு ஏப்ரலில் நிலநடுக்கமும் தீயும் நகரத்தை அழித்தன. வெற்று நிலம் கிடைத்துவிட்டது, புதிய திட்டமும் கையில் இருந்தது. ஆனால் மனை உரிமையாளர்கள் பழைய எல்லைக்கோட்டிலேயே வேகவேகமாக மறுபடி கட்டினார்கள். கட்டடம் எரியும், பத்திரத்திலுள்ள கோடு எரியாது. மலையைவிட நிலையானது மனை எல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சியாட்டில் இன்னொரு எல்லைக்குப் போனது. நகரத்துக்கு நடுவிலிருந்த டென்னி குன்று வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று, 1898இல் தொடங்கி 1930 வரை கட்டம் கட்டமாக அதை அழித்தார்கள். ஆர்.எச். தாம்சன் என்ற நகரப் பொறியாளர் முன்னின்று நடத்தினார். பெரிய குழாய்களில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து மண்ணைக் கரைத்து எலியட் விரிகுடாவில் கொட்டினார்கள். தங்கள் மனையை வெட்ட ஒப்புக்கொள்ளாதவர்களின் நிலம் மட்டும் சுற்றிலும் மண் போய், உச்சியில் வீட்டோடு மண் தூண்களாகத் தனித்து நின்றது. ஏணி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாத நிலை. அக்காலப் புகைப்படங்களில் அந்தத் தூண்களைப் பார்க்கலாம். செலவைச் சொந்தக்காரர் தலையில் கட்டி, மறுத்தவரை அந்தரத்தில் விட்ட முறை அது. ரியோ டி ஜெனிரோவும் 1920களின் தொடக்கத்தில், ஊர் வேரூன்றிய இடமான காஸ்டெலோ குன்றையே நூற்றாண்டு விழாக் கண்காட்சிக்காக இடித்துக் கரைத்தது. அங்கிருந்த எளிய மக்கள் வேறு இடம் தேடிப் போனார்கள்.

மேலே யார், கீழே யார் என்பதில்தான் இயற்கை விளக்கம் முழுதாக உடைகிறது. சான் பிரான்சிஸ்கோவில் குதிரை வண்டிக் காலத்தில் நாப் குன்றின் உச்சியை யாரும் விரும்பவில்லை. 1873இல் ஆண்ட்ரூ ஹாலிடி கிளே தெருவில் முதல் கேபிள் காரை ஓட்டினார். 1878இல் ரயில்வே முதலாளி லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் கலிஃபோர்னியா தெரு கேபிள் பாதை வந்தது. சில ஆண்டுகளுக்குள் உச்சி முழுதும் மாளிகைகள். குன்று அப்படியே இருந்தது, ஏற்றிவிட ஒரு கம்பி வந்தது, அவ்வளவுதான்.

ஹாங்காங்கில் கம்பிக்கு முன்னாலேயே ஆட்கள் இருந்தார்கள். வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் பயந்து ஐரோப்பியர்கள் விக்டோரியா சிகரத்துக்கு ஏறினார்கள். சீனக் கூலிகள் அவர்களைப் பல்லக்கில் சுமந்தார்கள். 1888இல் பீக் டிராம் வந்தது. 1904இல் சட்டமே போட்டுச் சிகரத்தை ஐரோப்பியர்களுக்கு ஒதுக்கினார்கள். வீட்டு வேலைக்காரர்கள் தவிரச் சீனர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது. 1946இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. நம் நீலகிரியில் இவ்வளவு கூர்மையான சட்டம் தேவைப்படவில்லை. குன்னூரில் மேல் குன்னூர் பங்களாக்களுக்கு, கீழ்க் குன்னூர் கடைவீதிக்கும் ரயில் நிலையத்துக்கும். 1899இல் அந்த நிலையத்துக்கு ரயிலைக் கொண்டுவர 12க்கு 1 என்ற ஏற்றத்தில் பல்சக்கரத் தண்டவாளம் போட வேண்டியிருந்தது. ரயில் பள்ளத்துக்கு வந்தது, காற்றும் காட்சியும் மேட்டில் கிடைத்தன. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் தண்ணீர் கடைவீதிக்குள்தான் வரும்.

இப்போது பொலிவியாவின் லா பாஸைப் பாருங்கள். அங்கே பணக்காரர்கள் கீழே. நகர மையம் ஏறக்குறைய 3,600 மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்கின் குழிக்குள் இருக்கிறது. மேல் விளிம்பில், 4,000 மீட்டருக்கும் மேலே, எல் ஆல்ட்டோ தனி நகரமாகப் பரந்திருக்கிறது. பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்த அய்மாரா மக்கள். அங்கே குளிர்காற்று கடுமை, மூச்சு வாங்கும். வசதி கூடக் கூட மக்கள் தெற்கே, இன்னும் தாழ்வான இதமான பகுதிக்கு இறங்கினார்கள். ரியோவிலோ குளிரும் இல்லை, உச்சியிலிருந்து கடல் அழகாகத் தெரியும், இருந்தும் குன்றுகளில் ஏழைகள்தான். சமநிலமும் கடற்கரையும் ஏற்கெனவே பிறர் கையில் இருந்தன. குழாயும் சாலையும் மேட்டுக்குப் போகவில்லை. தண்ணீரைத் தலைச்சுமையாகச் சுமக்கத் தயாராக இருந்தவனால் மட்டுமே அங்கே குடியேற முடிந்தது. ஆக, உயரத்துக்கென்று நிரந்தர மதிப்பு எதுவும் இல்லை. தண்ணீரையும் ஆளையும் மேலே கொண்டுசெல்லும் செலவைப் பொதுப்பணம் ஏற்கும்போது மேடு உயர்ந்த இடமாகிறது, ஏற்காதபோது சேரியாகிறது.

இதுவரை சொன்னது ஏறும் செலவு. மண்ணைப் பிடித்து நிறுத்தும் செலவு இதைவிடக் கனமானது, கண்ணுக்குத் தெரியாதது. சரிவிலுள்ள மண் காய்ந்திருக்கும்வரை உறுதியாக நிற்கும். மழைநீர் உள்ளே இறங்கும்போது மண்ணின் கனமும் கூடுகிறது, துகள்களுக்கு இடையிலான பிடிப்பும் தளர்கிறது. தடுப்புச் சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வடியத் துளை விடவில்லை என்றால் அந்தச் சுவரே அணையாகி, ஒரு நாள் உடைகிறது. மேல் வீட்டின் கழிவுநீர்க் குழி கீழ் வீட்டின் பின்சுவருக்குப் பின்னால் ஊறிக்கொண்டிருக்கும். சமவெளியில் அடுத்த வீட்டுக்காரன் செய்யும் தவறு தொல்லை. சரிவில் அது உயிருக்கு உலை.

ஹாங்காங் இதை 1972 ஜூன் 18 அன்று கற்றுக்கொண்டது. மூன்று நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கவுலூன் பக்கம் சாவ் மாவ் பிங் என்ற இடத்தில், சாலைக்காக மேலிருந்து கொட்டி நிரப்பிய மண்கரை கூழாகி இறங்கியது. கொட்டிய மண்ணைச் சரியாக இறுக்கியிருக்கவில்லை. கீழே ஏழைகளின் குடிசைகள். 71 பேர் இறந்தார்கள். அதே நாள் இரவு, தீவின் வசதியான மிட் லெவல்ஸ் பகுதியில் போ ஷான் சாலைச் சரிவு பெயர்ந்து 12 மாடிக் கட்டடம் ஒன்றைச் சாய்த்தது. அங்கே 67 பேர். ஒரே நாளில் குடிசையும் சாய்ந்தது, அடுக்குமாடியும் சாய்ந்தது. ஆனாலும் அரசு முழுதாக விழிக்க இன்னொரு சாவு வேண்டியிருந்தது. 1976இல் அதே சாவ் மாவ் பிங்கில் இன்னொரு நிரப்பு மண்கரை இறங்கி 18 பேர் போனார்கள். மறுஆண்டு, சரிவுகளுக்கென்றே ஒரு தனி அரசு அலுவலகம் திறந்தார்கள்.

அந்த அலுவலகம் செய்த வேலைதான் இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. மனிதன் வெட்டிய, நிரப்பிய சரிவுகளையெல்லாம் கணக்கெடுத்தார்கள். இன்று அந்தப் பட்டியலில் ஏறக்குறைய 60,000 சரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அந்த எண் பொறித்த சிறு பலகை சரிவிலேயே பதித்திருக்கும். அந்தச் சரிவைப் பராமரிக்க வேண்டியது அரசா, மனைக்காரரா, மனைக்காரர் என்றால் எவர் என்பதும் பதிவில் உண்டு. தெருவில் போகும் யாரும் எண்ணைப் பார்த்து விசாரிக்கலாம். அடுக்குமாடிக்குப் பின்னால் சிமெண்ட் பூசி, குறுக்குக் கால்வாய் வெட்டி, நடுவில் படி வைத்த சரிவுகள் ஹாங்காங்கின் முகமாகவே ஆகிவிட்டன. அழகில்லை என்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பலகைகள் ஒரு நகரம் தன் மக்களுக்கு எழுதிக்கொடுத்த பொறுப்புச் சீட்டாகத் தெரிகின்றன.

பதிவு இல்லாத இடங்களின் கதை வேறு. கொலம்பியாவின் மெடயின் நகரில் 1987 செப்டம்பரில் வில்லாடினா என்ற ஏழைக் குடியிருப்பின் மேல் மலை சரிந்து சுமார் 500 பேர் மடிந்தார்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் கொட்டிய மழையில், குன்னூர், கேத்தி, உதகைப் பக்கங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2013 மே மாதம் அய்ஸாலில் மேலே நின்ற அரசுக் கட்டடம் ஒன்று சரிந்து கீழ் வீடுகள்மேல் விழுந்து 17 பேர். இலங்கையில் 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் லயன் வீட்டு வரிசைகள் மண்ணுக்குள் போயின. அது நகரம் இல்லைதான். ஆனால் எந்தச் சரிவில் தேயிலை, எந்தச் சரிவில் தொழிலாளி என்று ஒரு காலத்தில் யாரோ வரைபடத்தில் முடிவு செய்ததன் தொடர்ச்சி அது. இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை வந்திருந்தது. மலையகத் தமிழர்கள் அங்கேயே இருந்தார்கள், ஏனென்றால் போக வேறு இடம் கொடுக்கப்படவில்லை.

கடந்த 30 ஆண்டுகளில் ஏறும் செலவைப் பொதுவில் ஏற்கும் முயற்சிகள் கூடியிருக்கின்றன. ஹாங்காங் 1993இல் 800 மீட்டர் நீள எஸ்கலேட்டர் தொடரைத் திறந்தது, 135 மீட்டர் உயரம் ஏறும். காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கீழ்நோக்கி, 10 மணிக்குப் பிறகு மேல்நோக்கி. அதன் இருபுறமும் உணவகங்கள் முளைத்து வாடகை ஏறியது. மெடயின் 2004இல் மெட்ரோ ரயிலோடு இணைத்து ரோப் காரைச் சாந்தோ தோமிங்கோ மேட்டுக்கு ஏற்றியது. ரோப் கார் பெரும்பாலும் சுற்றுலாவுக்கும் கோயிலுக்கும் என்றிருந்த காலத்தில், ஏழைத் தொழிலாளியின் அன்றாடப் பேருந்தாக அது ஆனது. 2011இல் அதே நகரம் இன்னொரு மேட்டில் வெட்டவெளி எஸ்கலேட்டர் போட்டது. லா பாஸ் 2014 முதல் பத்து ரோப் கார் வழித்தடங்களால் எல் ஆல்ட்டோவையும் பள்ளத்தாக்கையும் தைத்துவிட்டது. ரியோவும் 2011இல் அலெமாவோ குன்றுகளுக்கு மேல் ஒரு ரோப் கார் திறந்தது. ஒலிம்பிக் நடந்த 2016இலேயே அது நின்றுபோனது. அந்த நகரின் ரோசின்யா மேட்டுக்கும் ஒரு ரோப் கார் என்று பேச்சு வந்தபோது, முதலில் சாக்கடை போடுங்கள் என்றார்கள் அங்குள்ளவர்கள். அவர்கள் சொன்னது சரி. கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் மேட்டில், ஆளை ஏற்றும் வசதி பாதி வேலைதான்.

சரிவில் ஏறும் காலம் முடிந்து இறங்கும் காலம் தொடங்கிய ஊர் ஜப்பானின் நாகசாகி. 1945 ஆகஸ்ட் 9 அன்று உராகாமி பள்ளத்தாக்கில் வெடித்த அணுகுண்டிலிருந்து நகரின் ஒரு பகுதியைக் குன்றுகள்தான் மறைத்துக் காத்தன. போருக்குப் பின் மக்கள்தொகை பெருகப் பெருக வீடுகள் அதே குன்றுகளில் ஏறின, பலவற்றுக்குப் படிப்பாதை மட்டும்தான். 1982 ஜூலை மழையில், பெரும்பாலும் மண்சரிவால், 299 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். இன்று அந்தப் படியோர வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயோதிகர்கள். பிள்ளைகள் சமநிலத்துக்கோ வேறு ஊருக்கோ போய்விட்டார்கள். சில படிப்பாதைகளின் ஓரத்தில் நகராட்சி ஒற்றைத் தண்டவாளத்தில் ஊரும் சிறிய வண்டிகளை வைத்திருக்கிறது, ஓரிடத்தில் சாய்வு லிஃப்ட் போட்டிருக்கிறது. வீடு காலியானால் இடிப்பதும் சிரமம், லாரி வராது, ஓட்டையும் மரத்தையும் கையால்தான் இறக்க வேண்டும். நிலத்தை நகராட்சிக்கு எழுதிக்கொடுத்தால் நகராட்சியே இடித்துக் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. ஆனால் வீட்டைத் தாங்கிய தடுப்புச் சுவரை இடிக்க முடியாது. வாரிசு வேறு ஊரில் இருந்தாலும், வாரிசே இல்லாவிட்டாலும், அந்தச் சுவர் பின்னாலிருக்கும் மண்ணைப் பிடித்து நின்றாக வேண்டும். அதற்குக் கீழேயுள்ள வீட்டில் இன்னும் ஆள் குடியிருக்கிறார்.